இராயபுரம் இரயில் நிலையம்: மீட்பும் பயன்பாடும்

முன்னுரை

தென்னிந்திய இரயில்பாதையின் வரலாறு சென்னை இராயபுரம் நிலையத்திலிருந்து தொடங்குகிறது. இன்றும் நின்று நிலவும் நிலையக் கட்டடங்களுள் இந்தியத் துணைக்கண்டத்திலேயே மிகப் பழமையானது இதுவே. இதன் எழுச்சி, வீழ்ச்சி, மீட்பு ஆகியவற்றை நோக்கி, மரபுக் கட்டடங்களைக் காப்பதில் பயன்பாடு பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுச்சி

சென்னை இரயில்வே நிறுவனம் 1853இல் பாதை அமைக்கும் பணியைத் தொடங்கியது. துறைமுகத்திற்கும் கருப்பர் நகர வணிகர்க்கும் அண்மையில் இருந்தமையால் இராயபுரம் தொடக்க முனையாயிற்று. 1856 ஜூன் 28ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. அப்பாதையே ஜோலார்பேட்டை வரை நீண்டு, அங்கிருந்து பிரிந்த கிளை 1864இல் குப்பம் வழியாகப் பெங்களூரை எட்டியது. எனவே இராயபுரத்தின் வரலாறு குப்பத்தின் வரலாறும் ஆகும்.

வீழ்ச்சி

1873இல் சென்னை மத்திய நிலையம் திறக்கப்பட்டதும் பயணியர் போக்குவரத்து அங்குச் சென்றது. 1922இல் மதராஸ் - தென் மராட்டா இரயில்வேயின் தலைமையகமும் பூங்கா நகருக்கு மாறியது. பயன் குறையக் குறையப் பராமரிப்பும் குறைந்தது. உயர்ந்த தூண்களோடு கூடிய கட்டடம் சிதைவுற்றது. பழமையால் மட்டும் கட்டடம் அழிவதில்லை; கைவிடப்படுவதாலும் அழிகிறது என்பதற்கு இது சான்று.

மீட்பு

பம்பாய் போரிபந்தரின் முதல் நிலையம் மறைந்து, அவ்விடத்தில் விக்டோரியா முனையம் எழுந்தது. ஹௌராவின் தொடக்கக் கட்டடமும் எஞ்சவில்லை. இராயபுரமோ அந்நிலையிலிருந்து தப்பியது. சீரமைக்கப்பட்ட நிலையத்தை 2005இல் அப்போதைய இரயில்வே இணையமைச்சர் ஆர். வேலு திறந்துவைத்தார்.

ஆயினும் சுவரைச் செப்பனிடுதல் மீட்பின் பாதியே ஆகும். சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். அதுபோல, மக்கள் புழங்காத கட்டடத்தில் ஒழுகும் கூரையையும் முளைக்கும் ஆலஞ்செடியையும் காண்பார் இலர். நாள்தோறும் ஆள் நடமாடும் கூடத்தில் சிறு பழுதும் உடனே புலப்படும், செலவும் சிறிதாகும். பெங்களூருக்கு அருகில் நந்தி ஹால்ட், தேவனஹள்ளி முதலிய பழைய நிலையங்களைச் சீரமைத்துப் பொதுமக்கள் பயன்பாட்டிற்குக் கொண்டுவர இன்டாக் அமைப்பு முனைந்தமை இக்கருத்திற்கு அரண் செய்கிறது.

முடிவுரை

இராயபுரம் இன்றும் புறநகர் வண்டிகள் நிற்கும் நிலையமே. அதன் கூடங்களில் படிப்பகமோ, வடசென்னை உழைப்பாளர் வரலாற்றைக் கூறும் காட்சியகமோ அமையுமாயின், 1856ஆம் ஆண்டின் கட்டடம் நினைவுச் சின்னமாக மட்டும் நில்லாது ஊரின் உடைமையாகும். காப்பவர் எவர் என்னும் வினாவிற்குப் பயன்படுத்துவோரே என்பதே இந்நிலையத்தின் வரலாறு தரும் விடையாகும்.