மவுண்ட் ரோட்டில் ஒரு வாத்தியக் கடை

மவுண்ட் ரோட்டில் பழைய கடை எது என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் ஹிக்கின்பாதம்ஸ் என்பார்கள். அது 1844. அதற்கும் இரண்டு வருடம் மூத்த கடை ஒன்று அதே சாலையில் இன்றும் நடக்கிறது. மியூசி மியூசிக்கல். கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து சென்ட்ரலில் இறங்கி அந்தப் பக்கம் போன பலரும் அதைக் கடந்திருப்பீர்கள்.

1842-ல் மிஸ்க்வித் என்ற குடும்பம் தொடங்கியது. பெயரும் அப்போது மிஸ்க்வித் அண்டு கம்பெனிதான். இப்போதுள்ள பிரெஞ்சுப் பெயர் பின்னால் வந்தது.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஒரு பியானோ அப்படி வந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் மேல்நாட்டு வாத்தியம் நம் பக்கத்துக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடில் கற்றது மணலி முதலியாரின் ஆதரவில். நமக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையாகத் தெரிகிற அதே மணலிதான். கர்நாடக சங்கீதத்துக்குப் பிடில் வந்த வழி அது.

நான் ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் காலம் தள்ளியவன். எந்தக் கம்பெனியின் சரித்திரத்தைப் படித்தாலும், விற்றது யார் என்பதைவிடப் பழுது பார்த்தது யார் என்றுதான் தேடுவேன். பியானோவில் 88 கட்டைகள், சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கு மேல். எங்கள் ஆலையிலிருந்து கம்பி ஏற்றிப் போகும் லாரியின் பாரம் அது. அதைக் குளிர் நாட்டு மரத்தில் செய்து சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். வஜ்ஜிரப் பசை இளகும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரிக்கும். வெப்ப நாடுகளுக்கென்றே திருகும் பித்தளைப் பட்டையும் போட்டுத் தனி பியானோக்கள் செய்தார்கள். அவற்றுக்கும் சுருதி இறங்கத்தான் செய்தது. பியானோவை விற்பது ஒரு நாள் வேலை. சுருதி சேர்ப்பதோ அது இருக்கும்வரை ஓயாத வேலை. வாத்தியக் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவதே இதனால்தான். முதலாளிகளின் பெயர் எழுதி வைக்கப்படுகிறது. வீடு வீடாகவும் சர்ச் சர்ச்சாகவும் போய்க் காதை வைத்துக் கேட்டு முறுக்கிய அந்த மனிதர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இன்னொரு பொருத்தம்: கடை பிறந்த அதே 1842-ல்தான் பாரிஸில் டிபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் பெட்டி அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி போடும்படி மாற்றினார். நாமும் தரையில் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. தடை முப்பது வருடம் நீடித்தது. ஆனால் அது ரேடியோ நிலையத்துக்குள் மட்டும்தானே? பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் பெட்டி பாடிக்கொண்டேதான் இருந்தது.

கடை பிறகு கைமாறி தாஸ் குடும்பத்திடம் வந்தது. தலைமுறைகளாக அவர்கள்தான் நடத்துகிறார்கள். பாட்டு வகுப்பும் பரீட்சையும்தான் அவர்களைத் தாங்கிப் பிடித்தன என்பது என் கணிப்பு. 1872-ல் லண்டனில் தொடங்கிய டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளுக்குச் சென்னையில் இந்தக் கடைதான் வாசல். இளையராஜா கிளாசிக்கல் கிடாரில் தேறியதும் டிரினிட்டி தேர்வில்தான்.

என் மகளும் எழுதினாள், இரண்டு கிரேடு. ஷிப்டு முடித்து வந்த கையோடு அவளை ரயிலில் கூட்டிப்போவேன். ஒன்றரை மணி நேரம். மடியில் அட்டையில் வரைந்த கட்டைகளை வைத்துக்கொண்டு மீஞ்சூர் வரை விரலை ஓட்டுவாள். கீபோர்டு வாங்கும் அளவுக்கு அப்போது என் சம்பளம் இல்லை. மூன்றாவது கிரேடுக்குப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் ஆலையில் லேஆஃப். "பரவாயில்லப்பா" என்று சொன்னாள், பிறகு கேட்கவே இல்லை. அந்த இரண்டு சர்டிபிகேட்டும் இன்றும் என் பீரோவில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் இருக்கின்றன.