மகமை: லாபத்துக்கு முன்னால் ஒரு பங்கு

பழைய கடைகளின் பேரேட்டில் 'மகமை' என்று தனிப்பற்று ஒன்று இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என வணிகர்கள் தாங்களே கூடிப் பேசி, கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் ஒதுக்கிய தொகை அது. அரசன் விதித்த வரி அல்ல. மனம் வந்தபோது போடும் உண்டியல் காசும் அல்ல.

இந்த வழக்கம் பழையது. 13ஆம் நூற்றாண்டுப் பிரான்மலைக் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் சரக்கு வாரியாகக் கோயிலுக்குப் பங்கு விட்டிருக்கிறார்கள். அக்கால வணிகக் கல்வெட்டுகள் அதைப் 'பட்டணப் பகுடி' என்கின்றன.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரோடு மகமை கடல் கடந்தது. போன ஊர்கள் பலவற்றில் அவர்கள் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. சாமியின் பணம் ஒரு கடையில் இருந்தால், அந்தக் கடை அதற்கு வட்டி கட்டியாக வேண்டும். கடவுளும் கணக்குக் கேட்கும் கடன்கொடுத்தவரானார்.

விருதுநகர் நாடார் வணிகர்களிடையே மகமை என்ற சொல்லின் பொருள் விரிந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமை பற்றிய வழக்கில் நாடார்கள் செய்த மேல்முறையீடு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றது. கோயில் கதவு அடைபட்டிருந்த அதே காலத்தில், அவர்களுடைய மகமை பள்ளிக்கூடம் கட்டியது. 1889இல் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, மகமையாலும் வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் அங்கே படித்தவர்.

இன்று சட்டமும் இப்படி ஒரு பங்கைக் கேட்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. மகமையோ லாபம் பார்த்து எடுப்பதல்ல. சரக்கு கைமாறிய உடனே பங்கு விழுந்துவிடும். அந்த வருஷம் நட்டமானாலும் அது பொதுப்பணம்தான். தன் பெட்டியில் இருப்பதெல்லாம் தன்னுடையதல்ல என்ற எண்ணத்தை நாள்தோறும் கணக்கெழுதியே பழக்கிய ஏற்பாடு இது.

அதற்குச் சாதி வேலியும் இருந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் பெரும்பாலும் ஓரினத்தார். வேலியை எடுத்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். கடைவீதிச் சங்கம் ஒவ்வொன்றும் ஊர்ப் பள்ளிக்கு ஒரு மகமைப் பற்று திறந்து, அதன் கணக்கை ஊரார் முன் படிக்கட்டும்.