பருக்கை ஒட்டிய கடிதங்கள்

விழுப்புரத்தில் நான் படித்த காலத்தில், திண்டிவனத்துத் தோழி எழுதும் இன்லேண்டு கடிதங்கள் அண்ணன் பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வரும். சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டியிருப்பான். காய்ந்த பருக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

இயற்பியலாளர் உர்பசி சின்ஹாவின் ஆய்வைப் பற்றிப் படித்தபோது அந்தப் பருக்கைதான் நினைவுக்கு வந்தது. செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்புகிறார்கள். இடையில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை குலையும், பிழைகள் கூடும், திருட்டு தெரிந்துவிடும். கண்ணாடி இழையில் தூரம் கூடக் கூட ஒளி தேய்கிறது, துகளை நகலெடுத்துப் பெருக்கவும் முடியாது. அதனால் வெட்டவெளியையும் செயற்கைக்கோளையும் நாடுகிறார்கள். 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், பின்னிப்பிணைந்த ஒளித்துகள்களை 1,200 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கு அனுப்பியது. 2021இல் சின்ஹாவின் குழு பெங்களூரில் இரு கட்டடங்களுக்கிடையே சாவி அனுப்பிய தூரம் 50 மீட்டர். எங்கள் தெருவில் நாலு வீடு தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் தொடக்கம் அதுதான்.

ஆய்வைவிட அது நடந்த இடம் என்னை உறுத்தியது. 1948இல் சி. வி. ராமன் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, பெண் என்பதற்காகக் கமலா சோஹோனிக்கு இடம் மறுத்தவர் அதே ராமன். கமலா விடவில்லை; ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர் அன்னா மணி. எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவருடைய ஆய்வேடு ராமன் நிறுவன நூலகத்தில், பட்டம் வாங்கிய ஏடுகளைப் போலவே பைண்டு செய்யப்பட்டு இருக்கிறது.