லாரி இன்ஜின் சூட்டில் ஹோஸ் பைப் கசிந்தால்... மூடியைத் திறக்கும் முன் ஏன் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

அரியலூர் மாவட்டத்தில் லாரி ஓடாத சாலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் என மாவட்டம் முழுக்க சிமென்ட் ஆலைகள். சுரங்கத்தில் இருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பர்கள் ஒரு பக்கம், மூட்டை ஏற்றி வெளியூர் போகும் லாரிகள் இன்னொரு பக்கம். ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டை போன்ற சின்ன பேரூராட்சிகளில்கூட, ஓரமாக நிறுத்தி முன்பக்கத்தைத் திறந்துவைத்த லாரியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

அப்படி நிற்கும் லாரிகளுக்கு அடிக்கடி வரும் சிக்கல்களில் ஒன்று, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பைப் கசிவது. பைப்பை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். ஆனால் இன்ஜின் ஆறும் வரை காத்திருக்காமல் கை வைத்தால், முகமும் கையும் வெந்துபோகும் அளவுக்கு ஆபத்து இருக்கிறது. ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

ஹோஸ் பைப்பின் வேலை என்ன?

டீசல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. கணிசமான பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு சைலன்சர் வழியாக வெளியேறும். இன்னொரு பகுதியை இன்ஜினுக்குள் ஓடும் கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்று பட்டு ஆறி, மறுபடியும் இன்ஜினுக்குள் போகும்.

இன்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டரோ சேஸில் தனியாக நிற்கும். இரண்டையும் இரும்புக் குழாயால் மட்டும் இணைத்தால் அதிர்வில் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் நடுவில் ரப்பர் ஹோஸ்.

மேல் ஹோஸ் வழியாக சூடான கூலன்ட் இன்ஜினில் இருந்து ரேடியேட்டருக்கு வரும். கீழ் ஹோஸ் வழியாக ஆறிய கூலன்ட் வாட்டர் பம்புக்குப் போகும். பம்ப் உறிஞ்சும்போது கீழ் ஹோஸ் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக சில வண்டிகளில் அதற்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். இவை தவிர பைபாஸ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எனச் சின்னச் சின்ன பைப்புகளும் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்த பிறகு வந்த லாரிகளில் இன்ஜின் அறை இன்னும் நெருக்கமாகிவிட்டது. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் கூலர் உள்ள வண்டிகளில் அதற்கும் கூலன்ட்தான் போகிறது. பைப்பும் கிளிப்பும் கூடக்கூட, கசிவதற்கான இடங்களும் கூடும்.

100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது எப்படி?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி வேலை செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பார், அதாவது சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தம் கூடினால், வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

சூடான நேரத்தில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் இறங்கிவிடும். அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த திரவம் அந்தக் கணமே கொதிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதில் ஒரு சிறு பங்கு ஆவியானாலே போதும், மீதியுள்ள கொதிநீரையும் சேர்த்து மேலே தூக்கி அடித்துவிடும். குனிந்து பார்க்கும் முகத்துக்கு நேராகத்தான் அது வரும்.

கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைப் பிடுங்கினாலும் இதே கதைதான். மூடியைத் திறக்கவில்லையே என்று நினைத்துப் பைப்பில் கை வைப்பதும் பாதுகாப்பு இல்லை.

60 டிகிரி சூடுள்ள தண்ணீரே சில விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். லாரி இன்ஜினில் இருப்பது அதைவிட மிக அதிகம்.

காத்திருக்க முடியாமல் போவது ஏன்?

இது தெரியாமல் யாரும் மூடியைத் திறப்பதில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓட்டும் டிரைவருக்கு, ஒரு மணி நேரம் நின்றால் அன்றைக்கு ஒரு நடை போச்சு. லோடு இறக்க வேண்டிய இடத்தில் இருந்து போன் மேல் போன் வரும். வண்டி சாலையை மறித்து நின்றால் பின்னால் ஹாரன் சத்தம் வேறு. ‘சீக்கிரம் பாரு, தண்ணி ஊத்தி எடுத்துரலாம்’ என்ற அவசரத்தில்தான் கை போகிறது. கிளீனர் புதுப் பையனாக இருந்தால் அவனைத்தான் மூடியைத் திறக்கச் சொல்வார்கள்.

எனவே இது டிரைவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல. ‘ஆறுன பிறகு கை வைங்க, லேட் ஆனா பரவாயில்லை’ என்று வண்டி ஓனர் போனில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

நடுரோட்டில் கசிந்தால் என்ன செய்ய வேண்டும்?

டெம்பரேச்சர் மீட்டர் ஏறுகிறது, முன்னால் ஆவி தெரிகிறது, இனிப்பு கலந்த ஒரு வாடை வருகிறது என்றால் உடனே ஓரம் கட்ட வேண்டும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டுவது உறுதி என்றால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

ஏறிய மீட்டர் திடீரென இறங்கினால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட்டே இல்லாமல் போனாலும் மீட்டர் குறைவாகக் காட்டும்.

அடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

பிறகு காத்திருப்பு. குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். லோடு ஏற்றிய பெரிய இன்ஜின் என்றாலோ, அக்னி நட்சத்திர வெயில் என்றாலோ இன்னும் கூடுதலாகும். மேல் ஹோஸின் அருகே புறங்கையைக் கொண்டுபோய் சூடு தெரிகிறதா என்று பார்க்கலாம். சூடு அடங்கிய பிறகு லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

சீக்கிரம் ஆறட்டும் என்று இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

மாற்றும் முறை: வரிசையாக

1. கேபினைத் தூக்கும் வண்டி என்றால் லாக் சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ஆறிய பிறகும் மூடியைத் தடித்த சாக்கால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சமாகத் திருக வேண்டும். ‘உஸ்’ சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சத்தம் முழுதும் அடங்கிய பிறகே மூடியை எடுக்க வேண்டும்.

3. மீதமுள்ள கூலன்ட்டை ஒரு தட்டிலோ வாளியிலோ பிடிக்க வேண்டும். தரையில் விடக் கூடாது.

4. கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைத் திருகி எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நீளவாக்கில் கத்தியால் கீறி எடுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் ரேடியேட்டரின் கழுத்துப் பகுதி உடைய வாய்ப்பு உண்டு.

5. கழுத்தில் படிந்த துருவையும் வெள்ளைப் படிவத்தையும் எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் புது ஹோஸும் அதே இடத்தில் கசியும்.

6. புது ஹோஸ் அதே விட்டம், அதே நீளம், அதே வளைவோடு இருக்க வேண்டும். நேர் பைப்பை மடக்கி மாட்டினால் மடிப்பில் ஓட்டம் அடைபடும். உள்ளே ஏறுவதற்குக் கொஞ்சம் தண்ணீரோ கூலன்ட்டோ தடவினால் போதும். கிரீஸ், ஆயில் தடவினால் கூலன்ட் ஹோஸ் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

7. கழுத்தில் உள்ள மேட்டைத் தாண்டி ஹோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். கிளிப் அந்த மேட்டின் மேல் உட்காரக் கூடாது, அதற்கு உள்பக்கம் வர வேண்டும். ரப்பரை வெட்டும் அளவுக்கு இறுக்கவும் கூடாது.

8. கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு மீட்டரையும் புது ஹோஸின் இரண்டு முனைகளையும் கவனிக்க வேண்டும். ஒரு நடை போய்வந்து, இன்ஜின் ஆறிய பிறகு கிளிப்பையும் கூலன்ட் அளவையும் மறுபடி பார்ப்பது நல்லது.

டியூப் ரப்பரைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது பழைய ரோட்டோர வைத்தியம். பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போக உதவலாம். அதோடு லோடு அடிக்கக் கூடாது.

போர் தண்ணீர் ஊற்றினால் என்ன தப்பு?

கூலன்ட் விலை அதிகம் என்று பலர் வெறும் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அரியலூர் பக்கம் இது கூடுதல் சிக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று லாரிகள் சுமக்கின்றன. சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் நீர் கடினமாக இருப்பது இயல்பு. வீட்டில் வெந்நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஓட்டம் குறையும், சூடு கூடும், ஹோஸும் சீக்கிரம் கெடும்.

டீசல் இன்ஜினில் இன்னொரு பிரச்னையும் உண்டு. கூலன்ட் நேரடியாகத் தொடும் வகை லைனர்கள் பிஸ்டன் அடிக்கும் வேகத்தில் நுணுக்கமாக அதிரும். அதனால் உண்டாகும் நீர்க்குமிழிகள் வெடித்து வெடித்து லைனரில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். இதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால், பிறகு இறக்கிவிட்டு வண்டி கம்பெனி சொன்ன கூலன்ட்டை நிரப்ப வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்கக் கூடாது. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

கொட்டிய கூலன்ட்டும் ஆபத்தே

பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இது விஷம். ஆனால் சுவை இனிப்பு. சாலையோரக் குழியில் தேங்கினால் ஆடு, மாடு, நாய் குடித்துவிடும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் குடிக்கும் அபாயமும் உண்டு.

கொதிநீர் பட்டுவிட்டால்?

உடனே 20 நிமிடம் ஓடும் சாதாரண தண்ணீரில் காட்ட வேண்டும். நடுரோட்டில் குழாய் இல்லாவிட்டால் கேனில் இருக்கும் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், வாட்ச், காப்பைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். முகம், கண், கையில் பட்டிருந்தால் சின்ன காயம் என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கசியும் முன்பே கண்டுபிடிக்க...

காலையில் வண்டி எடுக்கும் முன், இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் போதும்.

* ஹோஸை அழுத்திப் பார்க்க வேண்டும். கொழகொழவென்று இருந்தாலும், மொறுமொறுவென்று இருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.
* எங்காவது புடைத்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, ஆயில் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
* கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருந்தால் அங்கே கசிவு தொடங்கிவிட்டது.
* தினமும் கூலன்ட் குறைந்தால் ஊற்றிக்கொண்டே போகாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

ஹோஸின் விலை, ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜின் பிரிக்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. மேல் ஹோஸ் ஒன்று, கீழ் ஹோஸ் ஒன்று, நான்கு கிளிப், ஒரு கேன் கூலன்ட் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருந்தால், இன்ஜின் ஆறும் அந்த ஒரு மணி நேரத்தில் பொருள் தேடி அலையவும் வேண்டியதில்லை.