யார் கையால் திருவிருந்து? தரங்கம்பாடிச் சபைகளில் உள்ளூர்த் தலைமை

தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கக் காலத்தை எழுதியோர் பெரும்பாலும் 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவிலிருந்து தொடங்குவர். அவர் 1715இல் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் எனச் செய்திகள் வரிசையாக வரும். இப்பணிகளின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயின், தரங்கம்பாடிக் கோட்டைக்கு அப்பால் சிதறிக் கிடந்த சிற்றூர்ச் சபைகளை நாள்தோறும் நடத்தியவர் யாவர் என்று வினவுங்கால் கிடைக்கும் பெயர்கள் வேறு. அவர்களுள் இருவரை ஒப்பிட்டு நோக்குவது, உள்ளூர்த் திருச்சபையில் தலைமை என்பது எதனால் வழங்கப்பட்டது, எதனால் மறுக்கப்பட்டது என்பதைத் தெளிவாக்கும்.

தரங்கம்பாடி டேனியர்களின் சிறு குடியேற்றம். அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அந்நாட்டினுள் ஐரோப்பிய மிஷனரிகள் விரும்பியவாறு சென்றுவர இயலவில்லை. எனவே அங்குள்ள சபைகள் உபதேசியார்களின் பொறுப்பில் வளர்ந்தன. ஞானோபதேசம் கற்பித்தல், பிரசங்கம் வாசித்தல், நோயுற்றோரைக் கண்டு செபித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், சபையாரின் வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய அனைத்தும் அவர்கள் கடமை. செய்தவற்றை மிஷனரிகளுக்கு ஒப்புவித்தலும் அவர்கள் கடமையே. ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறிய அறிக்கைகளுள் பல அவர்கள் தந்த செய்திகளால் நிறைந்தவை. ஆனால் திருவிருந்து வழங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அது குருப்பட்டம் பெற்றவருக்கே உரியது. மந்தையை மேய்ப்பவர் ஒருவர், அப்பமும் இரசமும் அளிப்பவர் மற்றொருவர் என்ற இப்பிளவே, பட்டம் பெற்ற உள்ளூர்க் குரு வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பியது.

1733 டிசம்பரில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். கடலூரைச் சேர்ந்த வேளாளர். முன்னைய பெயர் ஆறுமுகம். 1718இல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று, ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றியவர். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது. மாயவரம் பகுதிச் சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. 1745இல் அவர் மறைந்தார். 1741இல் பட்டம் பெற்ற தியோகு, அவருக்குப் பின்னும் நெடுங்காலம் பணி செய்தார்.

அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தவர் இராசநாயக்கன். பறையர் குலத்தில், உரோமைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். வேதநூலை வாசித்ததன் வாயிலாக 1720களின் இறுதியில் லுத்தரன் சபையை நாடினார். அதனால் பழைய சபையாரின் கடும் எதிர்ப்புக்கு அவரும் அவர் குடும்பத்தாரும் ஆளாயினர். அவர் ஊக்கத்தையோ நல்லொழுக்கத்தையோ மிஷனரிகள் ஐயுற்றதில்லை. எனினும் குருப்பட்டத்துக்கு அவர் பெயர் எண்ணப்பட்டபோது அது தவிர்க்கப்பட்டது. காரணத்தையும் அவர்கள் மறைக்கவில்லை: அவர் கையால் திருவிருந்து வழங்கப்படின், உயர்சாதிக் கிறித்தவர்கள் அத்திருவருட்சாதனத்தின் மீதே மதிப்பிழக்கக்கூடும் என அஞ்சினர்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மிஷனரிகள் சாதியை நம்பியவர்கள் என்று கூறிவிடுவது எளிது. அது போதிய விளக்கமாகாது. போதிக்கும் இராசநாயக்கனையும் சபையை நடத்தும் இராசநாயக்கனையும் அவர்கள் ஏற்றனர். தடை எழுந்தது, உண்பதும் பருகுவதும் ஆன ஒரு சடங்கின் முன்னர் மட்டுமே. யார் கையால் உண்ணலாம் என்பது தமிழ்ச் சமூகத்தில் சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் நுண்ணிய இடம். அவ்விடத்தில் இறையியல் விட்டுக்கொடுத்தது. புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிக்கேற்ப அமரும் இடம் வேறாகவே இருந்தது. சபையாருள் பெரும் பகுதியினர் இராசநாயக்கனின் குலத்தவர் என்பதை நினைவிற்கொண்டால், இம்முடிவு சிறுபான்மையினரின் கூச்சத்துக்காகப் பெரும்பான்மையினரின் தலைவர் ஒதுக்கப்பட்டதாகும் என்பதே நம் கருத்து. அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

பட்டம் பெறாத தலைமை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. பாளையங்கோட்டைச் சபையை உருவாக்கியவர், சுவார்ட்சு ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண். அங்கு 1785இல் எழுந்த ஆலயம் அவர் முயற்சியே. 1790இல் பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்கு அனுப்பப்பட்டது அதன் பின்னரே. சத்தியநாதனின் காலத்தில் 1799இல் முதலூர் தோன்றியதற்கும், தம் உறவினரிடையே உழைத்த சுந்தரானந்தம் தாவீது என்னும் இளைஞர் பெருங்காரணமாவார். பெண்ணாகவும் இளைஞராகவும் இருந்த இவர்கள் பட்டமின்றியே சபைகளை நிறுவினர். பட்டம் பெற்றவரின் பெயர் ஆவணத்தின் தலைப்பில் நிற்கிறது. இவர்கள் பெயரை அதன் உட்பகுதியில் தேட வேண்டியுள்ளது.

இராசநாயக்கனின் வழக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து மீண்டும் எழுந்தது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அமர்வதிலும் திருவிருந்துக்கு வருவதிலும் வேற்றுமை கூடாது என்றார். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, வேப்பேரிச் சபைகளில் பெருங்கலகம் மூண்டது. சாதி ஒழுக்கத்தை உலக வழக்கெனக் கொண்டு வாதிட்டவர்களுள் தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். இறைப்பாடல்களால் தமிழ்க் கிறித்தவர் அனைவரையும் ஒன்றிணைத்தவர், ஒரே பந்தியில் அவர்களைக் காண உடன்படவில்லை என்பது நம்மை இன்றும் உறுத்துகிறது. 1840இல் வந்த லைப்சிக் மிஷன் சாதியிடம் அவ்வளவு கடுமை காட்டாததால், பிரிந்தவருள் பலர் அதில் சேர்ந்தனர்.

மலேசியத் தமிழ் லுத்தரன் சபைகளும் இம்மரபின் வழி வந்தவையே. 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் முதலில் சுவீடன் நாட்டுப் பேராயர்களையே பெற்றது. ஆரோன் பட்டம் பெற்று 223 ஆண்டுகள் கழிந்து, 1956இல்தான் ராஜா பி. மாணிக்கம் தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.