காகிதத்தை நம்பாத அரசன்

பலேர்மோ அரச ஆவணக் காப்பகத்தில், 1109இல் அடெலாசியா சீமாட்டி கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதுவித்த கடிதமொன்று உள்ளது. ஐரோப்பாவில் எஞ்சிய மிகப் பழைய காகித ஆவணமாக அதைக் கருதுவர். அவள் மகன் இரண்டாம் ரோஜர் காகிதத்தை நம்பவில்லை. 1145இல் காகிதச் சாசனங்களைத் தோலேடுகளில் பிரதிசெய்யக் கட்டளையிட்டான்.

திரைவாசிப்பைப் பழிக்கும் நண்பர்கள் ரோஜரின் அச்சத்தையே பேசுகிறார்கள். அவன் பிரதிசெய்வித்ததை மறந்துவிடுகிறார்கள். 1981 யூன் தொடக்கத்தில் யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபோது பிரதியில்லாத ஓலைகளும் போயின.

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில், இரவுவேலை முடிந்த கையோடு, ஊரில் விட்டுவந்த சஞ்சிகைகளைத் தேடி வாசிக்கிறேன். கண் எரிகிறது. ஓரத்தில் பென்சிலால் எழுதிச் சண்டைபிடிக்க வழியில்லை. படித்தது மனதில் ஊன்றுவதும் குறைவே (விரிவுரையாளனாக இருந்தவனுக்கு இது சிறிய நட்டமல்ல). ஆயினும் அந்தப் பக்கங்கள் இங்கே அச்சில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.