விண்வெளியில் ஒரு பட்டாளம்

அமெரிக்க ரேடியோவில் சோப்புக் கம்பெனிகளின் செலவில் பகல் வேளையில் ஓடிய அழுகைத் தொடர்களுக்கு ‘சோப் ஆபரா’ என்று பெயர். குதிரையும் துப்பாக்கியுமாக வந்த கௌபாய் படங்களை ‘ஹார்ஸ் ஆபரா’ என்றார்கள். ராக்கெட்டில் ஏறி நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ச் சண்டை போடும் கதைகளுக்கு 1941ல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் ‘ஸ்பேஸ் ஆபரா’ என்று பெயர் வைத்தார். கேலியாகத்தான் வைத்தார். அரைத்த மாவையே அரைக்கும் சரக்கு என்பது அவர் எண்ணம். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது, சரக்கும் இன்றுவரை விற்கிறது.

இந்த வகைக்குள்ளேயே பட்டாளக் கதைகள் என்று ஒரு கிளை உண்டு. பழைய மூர் மார்க்கெட்டில் ஒரு ரூபாய்க்கும் ஒன்றரை ரூபாய்க்கும் அட்டை கிழிந்த புத்தகங்களாக வாங்கி, ஆபீஸ் போகும் ரயிலில் நான் படித்தவை பெரும்பாலும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. “அதெல்லாம் சின்னப் பையன்கள் படிப்பது” என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஒரு நாடு போருக்குப் போகலாமா, யாரை அனுப்புவது, ஓட்டுரிமை யாருக்கு என்ற கேள்விகளை எல்லாம் அமெரிக்கர்கள் இந்த மலிவுப் பதிப்புகளுக்குள் வைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

முதலில் சுவாரசியத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வகையின் தாத்தா ஈ. ஈ. ஸ்மித். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பிழைப்புக்கு உணவுக் கம்பெனியில் டோனட் மாவுக் கலவை தயாரித்தார். 1928ல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையில் அவருடைய முதல் தொடர்கதை வந்தது. பிறகு எழுதிய ‘லென்ஸ்மேன்’ வரிசையில் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகும், ஆயுதங்களும் அப்படியே. கடைசியில் இரண்டு கிரகங்களை இருபுறமும் கொண்டுவந்து எதிரியின் கிரகத்தை நடுவில் வைத்துப் பாக்கு வெட்டியில் நசுக்குவதுபோல் நசுக்குவார்கள். நல்லவன் முழு நல்லவன், கெட்டவன் முழுக் கெட்டவன். தெருக்கூத்தில் துரியோதனன் கட்டியங்காரனோடு நுழையும்போதே நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிற மாதிரி. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மாதக் கடைசியில், நிற்க இடமில்லாத ரயில் பெட்டியில், அந்த நிம்மதிக்கு விலை உண்டு.

ஸ்மித்தின் கதையில் பட்டாளம் என்பது வெறும் வேடம். அதற்கு உண்மையான சட்டை மாட்டியவர் ராபர்ட் ஹைன்லைன். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்து 1929ல் வெளிவந்தவர். காசநோய் வந்ததால் 1934ல் அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம் என்று கவர்னர் தேர்தலில் நின்ற அப்டன் சின்க்ளேருக்கு ஆதரவாக வேலை செய்தார். அதாவது, அப்போது அவர் இடதுசாரிப் பக்கம். இருபது வருடத்தில் மறுபக்கம் வந்துவிட்டார். 1958ல் அணுகுண்டு சோதனைகளை அமெரிக்கா நிறுத்த வேண்டும் என்று ஓர் அமைப்பு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. ஹைன்லைனுக்குக் கோபம் வந்தது. எழுதிக்கொண்டிருந்த நாவலை எடுத்து வைத்துவிட்டு, எதிர் விளம்பரம் கொடுத்தார். அந்தச் சூட்டோடு எழுதியதுதான் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’. அதுவரை சிறுவர்களுக்காக அவர் எழுதிய 12 நாவல்களை வெளியிட்ட ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் இதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. வேறு பதிப்பகம் 1959ல் போட்டது. அடுத்த வருடம் ஹ்யூகோ பரிசும் கிடைத்தது.

கதை எளிது. ஹுவான் ரிக்கோ என்ற பணக்கார வீட்டுப் பையன், அப்பா பேச்சை மீறிப் பட்டாளத்தில் சேர்கிறான். பயிற்சி முகாமில் திட்டு வாங்குகிறான், சவுக்கடியும் வாங்குகிறான். இயந்திரக் கவசம் மாட்டிக்கொண்டு கட்டடங்களைத் தாண்டிக் குதித்து, பூச்சி வடிவ எதிரிகளோடு போராடுகிறான். முடிவில் அதிகாரி ஆகிறான். புத்தகம் முடியப்போகும் நேரத்தில்தான் அவன் வீட்டில் பேசும் மொழி தகாலோக், அவன் பிலிப்பைன்ஸ்காரன் என்று போகிற போக்கில் தெரியவருகிறது. 1959ல் அமெரிக்கப் பையன்கள் படிக்கிற கதையின் நாயகன் ஆசியாக்காரன். ஹைன்லைனைப் பிற்போக்குவாதி என்று ஒரே வரியில் தள்ளுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் புத்தகத்தின் நடுநாயகம் சண்டையல்ல, வகுப்பறை. ரிக்கோவின் உலகத்தில் அரசுப் பணியை முடித்து வெளியே வந்தவர்களுக்கு மட்டுமே ஓட்டு. மற்றவர்களுக்குத் தொழில் செய்யலாம், சம்பாதிக்கலாம், பேசலாம், எழுதலாம். ஓட்டு மட்டும் கிடையாது. சமூகத்துக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவனிடம்தான் அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்று ஆசிரியர் ஒருவர் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறார். அந்தப் பணியில் பெரும்பகுதி சாதாரண அரசாங்க வேலைதான் என்று ஹைன்லைன் பிற்காலத்தில் விளக்கம் சொன்னார். நாவலைப் படித்தால் அப்படித் தெரியவில்லை என்று விமரிசகர்கள் மடக்கினார்கள். இன்னொன்றையும் அவருக்காகச் சொல்ல வேண்டும். கட்டாய ராணுவ சேவையை அவர் கடைசிவரை எதிர்த்தார். அவர் கதையில் யார் வேண்டுமானாலும் வேலையை விட்டுவிட்டுப் போகலாம்.

என் வயதுக்காரர்களுக்கு ஓட்டின் அருமை தெரியும். நம் நாட்டில் 1952ல் கைநாட்டு வைக்கிறவர்களுக்கும், ஒரு துண்டு நிலம் இல்லாதவர்களுக்கும் ஓட்டைக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார்கள். தகுதியைக் காட்டினால் உரிமை என்கிறார் ஹைன்லைன். உரிமையைக் கொடுத்தால் தகுதி தானாக வரும் என்றது நம் அரசியல் சட்டம். எனக்கு இரண்டாவதுதான் சரி. இருந்தும் அந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். பயிற்சி முகாம் பகுதி அவ்வளவு நன்றாக இருக்கும். பிடிக்காத கருத்தைப் பிடித்த கதையில் வைத்துக் கொடுப்பதுதான் அந்த ஆளின் திறமை, ஆபத்தும் அதுவேதான்.

அமெரிக்க மரைன் படைத் தளபதி வீரர்களுக்குப் பரிந்துரைக்கும் புத்தகப் பட்டியலில் இந்த நாவல் இடம்பெற்றது. இன்னொரு பக்கம், 1997ல் இதைப் படமாக எடுத்த பால் வெர்ஹோவன், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் சிறுவயதைக் கழித்தவர். நாவலை ஒன்றிரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அதையே கேலி செய்யும் படமாக எடுத்தார். ஒரே கதை ஓரிடத்தில் பாடப்புத்தகம், இன்னோரிடத்தில் கேலிச்சித்திரம்.

வியட்நாம் போர் வந்ததும் இந்த எழுத்தாளர்கள் வெளிப்படையாகவே இரண்டாகப் பிரிந்தார்கள். 1968 ஜூன் மாத ‘கேலக்ஸி’ பத்திரிகையில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விளம்பரங்கள். ஒன்றில் அமெரிக்கா வியட்நாமில் இருக்க வேண்டும் என்று 72 பேர் கையெழுத்து. மற்றதில் வேண்டாம் என்று 82 பேர். முதல் பட்டியலில் ஹைன்லைன், பவுல் ஆண்டர்சன், லாரி நிவென். இரண்டாவதில் ஐசக் அசிமோவ், ரே பிராட்பரி, உர்சுலா லெ குவின். எதிர்காலத்தைக் கற்பனை செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள், கண்ணெதிரே நடக்கும் போரில் ஒத்துப்போக முடியவில்லை.

அந்த நேரத்தில் ஜோ ஹால்ட்மன் என்ற இளைஞர் வியட்நாமில் இருந்தார். இயற்பியலும் வானியலும் படித்து 1967ல் பட்டம் வாங்கிய கையோடு கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்கப்பட்டவர். அங்கே பலத்த காயம் பட்டுத் திரும்பினார். அவர் எழுதிய ‘ஃபாரெவர் வார்’ நாவலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. வியட்நாமை நினைவூட்டும் கதையை யார் வாங்குவார்கள் என்பது அவர்களின் பயம். 1974-75ல் புத்தகமாக வந்து, ஹ்யூகோ, நெபுலா இரண்டு பரிசுகளையும் வாங்கியது.

அதன் அடிப்படை ஐன்ஸ்டைனின் கணக்கு. ஒளியின் வேகத்தை ஒட்டிப் போகிற கப்பலில் காலம் மெதுவாக நகரும். மண்டெல்லா என்ற சிப்பாய்க்குச் சில வருடம் கழிவதற்குள் பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. போர் 1143 வருடம் நடக்கிறது. அவன் ஆரம்பம் முதல் கடைசிவரை அதில் இருக்கிறான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவனுக்குத் தெரிந்த ஊர் இல்லை, மொழி இல்லை, பழக்கவழக்கம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா நினைவு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போனவர். அவர் ஊர் திரும்பிய அன்று, போகும்போது பிறந்திராத மகன் திண்ணையில் நின்றுகொண்டு, “யாரும்மா இந்த மாமா?” என்று கேட்டானாம். பெரியம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பெரியப்பா மட்டும் ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஹால்ட்மன் ஐன்ஸ்டைனை வைத்துச் சொன்னதும் அந்தத் திண்ணையைத்தான்.

நாவலில் ஒரு பகுதி நம்மைப் போன்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். மண்டெல்லா முதல் முறை பூமிக்கு வரும்போது அவன் தாய் முதியவள். எழுபது வயது ஆனதும் அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. பூஜ்யம் வாங்கியவருக்கு வைத்தியம் கிடையாது. அவளுக்குப் பூஜ்யம். மகன் உலகத்தைக் காக்கப் போயிருக்கிறான், அந்த உலகம் அவன் தாய்க்கு மருந்து கொடுக்க மறுக்கிறது. பத்திரிகை ஆசிரியர் இந்தப் பகுதி மிகவும் சோர்வூட்டுகிறது என்று எடுக்கச் சொன்னார். முதலில் வந்த புத்தகத்தில் இது இல்லை. 1990களில் வந்த பதிப்புகளில்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

எதிரி விஷயத்திலும் இரண்டு நாவலுக்கும் இடையே பெரிய வித்தியாசம். ஹைன்லைனின் எதிரி பூச்சி. பூச்சியோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது, அடித்துத்தான் ஆக வேண்டும். ஹால்ட்மன் கதையின் முடிவில், போர் ஒரு தவறான புரிதலில் தொடங்கியது, எதிரியோடு பேச யாருக்கும் வழி தெரியவில்லை என்று தெரிகிறது. கதாசிரியர் எதிரிக்கு என்ன உருவம் கொடுக்கிறார் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மீதி முந்நூறு பக்கமும் அந்தத் தீர்ப்புக்கான வாதம்.

இது வெறும் கதை விவகாரமாக நிற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜெர்ரி போர்னெல் என்ற பட்டாளக் கதை எழுத்தாளர், விஞ்ஞானிகளையும் ராணுவ அதிகாரிகளையும் எழுத்தாளர்களையும் லாரி நிவென் வீட்டில் கூட்டி, ரீகன் அரசுக்கு விண்வெளிக் கொள்கை பற்றி ஆலோசனைகள் எழுதி அனுப்பினார். 1983 மார்ச் 23 அன்று ரீகன் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். பத்திரிகைகள் அதற்கு ‘ஸ்டார் வார்ஸ்’ என்று பெயர் வைத்தன. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் கிளார்க் அந்தத் திட்டத்தை விமரிசித்தார். மறு வருடம் அதே வீட்டில் இருவரும் சந்தித்தபோது, அமெரிக்கன் அல்லாத உனக்கு இதில் பேச உரிமையில்லை என்ற தோரணையில் ஹைன்லைன் அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டார். பல வருட நட்பு அன்று விரிசல் கண்டது.

கடைசியாக ஒரு நாவல், நம் வட்டத்துக்கென்றே எழுதியது போல. ஜான் ஸ்கால்சி எழுதிய ‘ஓல்ட் மேன்ஸ் வார்’, 2005ல் புத்தகமாக வந்தது. 75 வயது நிறைந்தவர்களை மட்டும் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள். நாயகன் பிறந்தநாளன்று மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டு, நேரே போய்ச் சேர்கிறான். புது உடம்பு கொடுக்கிறார்கள், மூட்டுவலி போய்விடுகிறது, தோல் மட்டும் பச்சை நிறம். பதிலுக்கு ஒரு நிபந்தனை: பூமிக்குத் திரும்பவே முடியாது. சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகுதான் உறைத்தது. இளைஞர்களை அனுப்பிவிட்டுக் கிழவர்கள் வீட்டிலிருந்து போரைப் பேசுவதுதான் உலக வழக்கம். அதை ஸ்கால்சி திருப்பிப் போட்டுவிட்டார்.

நம் இலக்கியத்திலும் இரண்டும் உண்டு. வென்றவனைப் பாடும் பரணியும் இருக்கிறது, செத்தவனுக்காகப் புலம்பும் கையறுநிலைப் பாட்டும் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நம் முன்னோர் தூக்கி எறியவில்லை.

இந்த வகைக் கதைகளை இளைஞர்கள் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பேரன் பேத்திகள் இந்த மாதிரிப் படமோ விளையாட்டோ பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள். எதிரிக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்களா? சண்டைக்கு யார் போகிறார்கள், யார் அனுப்புகிறார்கள்? திரும்பி வந்தவனை வீட்டில் யாருக்கு அடையாளம் தெரிந்தது? பதிலை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.